ஹோசே டியோக்னோ: பிலிப்பைன்ஸ் வழக்கறிஞர், செனட்டர், கைதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸ் அரசியலில் வழக்கறிஞர்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஜனாதிபதியாக இருந்த டியோஸ்டாடோ மகபகல் வழக்கறிஞர். நாட்டையே ராணுவச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த ஃபெர்டினாண்ட் மார்க்கோஸும் வழக்கறிஞர். ரொட்ரிகோ டுடெர்டேவும் சட்டம் படித்தவர்தான். இவர்கள் பெயரெல்லாம் நம் செய்தித்தாள்களில் அடிபட்டவை. இந்த வரிசையில் நான் முதலில் வைக்கும் பெயர் ஹோசே டியோக்னோ. தமிழில் அவரைப் பற்றி ஏதும் கண்ணில் படுவதில்லை என்பதால், பொதுவாக எழும் கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

டியோக்னோ யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முழுப்பெயர் ஹோசே ரைட் டியோக்னோ. பிறந்தது 1922 பிப்ரவரி 26. மகபகல் அரசில் நீதித்துறைச் செயலாளர். நம் வழக்கில் சொன்னால் சட்ட அமைச்சர். பிறகு 1963-லும் 1969-லும் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972-ல் கைதாகி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் குற்றச்சாட்டே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தார். வெளியே வந்ததும் ஏழைகளுக்கும் அரசியல் கைதிகளுக்கும் இலவசமாக வாதாடும் வழக்கறிஞர் அமைப்பைத் தொடங்கினார். மார்க்கோஸ் வீழ்ந்த பிறகு ஜனாதிபதியான கோரசோன் அக்கினோவின் அரசில் மனித உரிமைக் குழுவுக்குத் தலைவரானார். 1987 பிப்ரவரி 27-ல் காலமானார்.

அவர் வகித்த பதவிகளைவிட, எந்தப் பதவியிலிருந்து எதற்காக வெளியேறினார் என்பதைப் பார்த்தால்தான் மனிதர் பிடிபடுவார். 1962, 1971, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

குடும்பப் பின்னணி என்ன?

பூர்வீகம் படாங்காஸ் மாகாணத்தின் தால் என்ற ஊர். தாத்தா அனனியாஸ் டியோக்னோ, ஸ்பானியர்களையும் பின்னர் அமெரிக்கர்களையும் எதிர்த்துப் போரிட்ட புரட்சிப் படையின் தளபதி. தந்தை ரமோன் டியோக்னோ செனட்டராகவும் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். வசதியும் பெயரும் உள்ள வீடு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசியல் கிட்டத்தட்ட குலத்தொழில்.

சட்டப் பட்டம் வாங்காமலேயே வழக்கறிஞர் ஆனாராமே, உண்மையா?

உண்மை. முதலில் மணிலாவில் டி லா சால் கல்லூரியில் வணிகவியல் படித்து 1940-ல் மிக உயர்ந்த சிறப்புடன் தேறினார். இருபது வயதைக்கூடத் தொடவில்லை; சிறப்பு அனுமதி வாங்கித்தான் ஆடிட்டர் தேர்வே எழுத முடிந்தது. அதில் நாட்டிலேயே முதலிடம். பிறகு சாண்டோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத் தொடங்கினார். அதற்குள் ஜப்பானியப் படை வந்துவிட்டது, வகுப்புகள் நின்றன. அப்பாவின் அலமாரியில் இருந்த சட்டப் புத்தகங்களைத் தானே படித்தார். பட்டம் இல்லாமல் தேர்வெழுத உச்ச நீதிமன்றம் தனி அனுமதி கொடுத்தது. வழக்கறிஞர் ஆவதற்கான 1944-ம் ஆண்டு பார் தேர்வில் 95.3 சதவீத மதிப்பெண்ணுடன் முதலிடம். அதே மதிப்பெண்ணை இன்னொருவரும் எடுத்து இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அவர் ஹோவிடோ சலோங்கா. இவரும் பின்னாளில் செனட்டரானார். இந்தப் பெயர் கீழே மறுபடி வரும்.

பார் தேர்வில் முதலிடம் என்பது பிலிப்பைன்ஸில் சாதாரண விஷயம் அல்ல. தேர்வு முடிவு நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியாகும். முதலிடம் பிடித்தவர் பெயருக்கு முன்னால் அந்தப் பெருமை ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். மகபகல் 1936-லும் மார்க்கோஸ் 1939-லும் அப்படி முதலிடம் பிடித்தவர்கள்தான். ஆக டியோக்னோவின் அரசியல் வாழ்க்கையைத் திசைதிருப்பிய இரண்டு ஜனாதிபதிகளும் அவரைப் போலவே சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். சட்டம் தெரியாதவர்களால் அவருக்குத் துன்பம் வரவில்லை.

ஸ்டோன்ஹில் விவகாரம் என்பது என்ன?

ஹாரி ஸ்டோன்ஹில் ஒரு அமெரிக்கர். போர்க்காலத்தில் ராணுவ வீரராக வந்தவர், பிலிப்பைன்ஸிலேயே தங்கிப் புகையிலை, கண்ணாடி, நிலம் என்று பெரும் வணிகப் பேரரசைக் கட்டினார். வரி ஏய்ப்பு, அந்நியச் செலாவணி மோசடி, அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் பணம் என்று அவர்மேல் புகார்கள் குவிந்தன. டியோக்னோ 1962 ஜனவரியில் நீதித்துறைச் செயலாளர் ஆனார். மார்ச் 3-ம் தேதி தேசியப் புலனாய்வு நிறுவனத்தின் ஆட்கள் அவர் உத்தரவின்பேரில் ஸ்டோன்ஹில் நிறுவன அலுவலகங்களிலும் அவரும் கூட்டாளிகளும் குடியிருந்த வீடுகளிலும் ஒரே நேரத்தில் புகுந்தார்கள். லாரி லாரியாக ஆவணங்கள் வந்தன. யார் யாருக்குப் பணம் போனது என்று குறித்துவைத்த ‘நீலப் புத்தகம்’ ஒன்று கிடைத்ததாகப் பேச்சு கிளம்பியதும் மணிலா அரசியல் வட்டாரம் முழுக்கக் கலங்கிப்போனது.

பதவியேற்ற சில மாதங்களிலேயே, அதே ஆண்டு மே மாதம், மகபகல் அவரைப் பதவியிலிருந்து அகற்றினார். ஸ்டோன்ஹில் விசாரணைக் கூண்டில் ஏறவே இல்லை. ஆகஸ்டில் நாடு கடத்தப்பட்டார். லஞ்சம் கொடுத்தவனை வெளியே அனுப்பிவிட்டு, வாங்கியவர்களை எப்படித் தண்டிக்கப் போகிறீர்கள் என்று டியோக்னோ பகிரங்கமாகக் கேட்டார். அதற்கு அரசிடம் நேரான பதில் வரவில்லை. சாட்சி சொல்ல வேண்டியவரையே கப்பலேற்றிவிட்டால் வழக்கு தானாகச் செத்துவிடும் என்பது வழக்கறிஞரான மகபகலுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஆனால் அந்தச் சோதனையே சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்ததே?

ஆம். டியோக்னோவைப் புகழ்பவர்கள் பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாது.

சோதனைக்காகப் பல நீதிபதிகளிடம் வாங்கிய வாரண்டுகள் மொத்தம் 42. எந்தக் குற்றத்துக்கான ஆதாரத்தைத் தேடுகிறோம் என்று அவற்றில் குறிப்பாக எழுதியிருக்கவில்லை. மத்திய வங்கிச் சட்டம், சுங்கச் சட்டம், உள்நாட்டு வருவாய்ச் சட்டம், தண்டனைச் சட்டம் ஆகியவற்றை மீறியது என்று பொத்தாம்பொதுவாக இருந்தது. எடுக்க வேண்டிய பொருட்களின் பட்டியலும் அப்படித்தான்: கணக்குப் புத்தகங்கள், ரசீதுகள், கடிதங்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிவர இடம் கொடுத்தது. ஸ்டோன்ஹில் தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. வழக்கின் பெயர் ‘ஸ்டோன்ஹில் எதிர் டியோக்னோ’. தீர்ப்பு 1967 ஜூன் 19-ல் வந்தது. எழுதியவர் தலைமை நீதிபதி ரொபெர்டோ கன்செப்சியோன்.

அதற்கு முன்பு, 1948-ல் மொன்காடோ வழக்கில் சொல்லப்பட்ட விதி நடைமுறையில் இருந்தது. போலீஸ் முறைகேடாக எடுத்துவந்த பொருளாக இருந்தாலும் அதைச் சாட்சியமாக ஏற்கலாம். தப்பு செய்த அதிகாரியைத் தனியாகத் தண்டித்துக்கொள்ளலாம் என்பதே அந்த விதி. அதிகாரத்தில் இருப்பவரின் உத்தரவை நிறைவேற்றிய அதிகாரிமேல் யார் வழக்குப் போடப் போகிறார்கள்? கன்செப்சியோன் அந்த விதியைத் தூக்கியெறிந்தார். வீடுகளில் முறைகேடாக எடுத்தவற்றை நீதிமன்றத்தில் பயன்படுத்தவே கூடாது என்றார். நிறுவன அலுவலகங்களில் எடுத்தவற்றைப் பற்றி மட்டும், அவை நிறுவனங்களுக்குச் சொந்தமானவை, தனிநபர்களான மனுதாரர்கள் ஆட்சேபிக்க முடியாது என்று விட்டார்.

இந்த விதி பிறகு 1973, 1987 அரசியல் சாசனங்களிலேயே ஏறிவிட்டது. இன்று பிலிப்பைன்ஸில் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் முதல் வருடத்திலேயே இந்த வழக்கைப் படிக்கிறார். டியோக்னோவின் பெயர் அதில் எதிர்மனுதாரராக, விதியை மீறிய அரசின் பக்கம் நிற்கிறது. பின்னாளில் அவரும் அவர் தோழர்களும் காப்பாற்றப் போராடியவர்கள் யாரோ, அவர்கள் வீட்டுக்குள் நுழையும் அதிகாரியைத் தடுக்கும் வேலியே அந்த விதிதான். டியோக்னோவின் நோக்கம் நேர்மையானது, குறி வைத்த ஆளும் சரியான ஆள். அப்படியிருந்தும் நீதிமன்றம் சொன்னதே சரி என்பது என் எண்ணம். நல்லவர் கையில் இருக்கிறது என்பதற்காகப் பொத்தாம்பொதுவான வாரண்டை அன்று ஏற்றிருந்தால், ஐந்தே ஆண்டுகளில் அது மார்க்கோஸின் கைக்குப் போயிருக்கும்.

செனட்டில் என்ன செய்தார்?

1963-ல் நசியோனலிஸ்டா கட்சி சார்பில் வென்றார். ஆடிட்டர் மூளை இங்கே நன்றாக உதவியது. 1967-ல் வந்த முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம், 1970-ன் ஏற்றுமதி ஊக்குவிப்புச் சட்டம், எண்ணெய் நிறுவனங்களின் விலை நிர்ணயத்தைக் கட்டுக்குள் கொண்டுவர 1971-ல் அமைந்த எண்ணெய்த் தொழில் ஆணையம் ஆகியவற்றில் அவர் பங்கு பெரிது. நாட்டின் பொருளாதாரம் நாட்டுக்காரர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

மார்க்கோஸும் அவரும் ஒரே கட்சியில் இருந்தார்களா?

இருந்தார்கள். மார்க்கோஸ் லிபரல் கட்சியிலிருந்து தாவி, நசியோனலிஸ்டா வேட்பாளராகத்தான் 1965-ல் ஜனாதிபதி ஆனார். 1971 ஆகஸ்ட் 21-ல் மணிலாவின் மிராண்டா சதுக்கத்தில் நடந்த லிபரல் கட்சிப் பொதுக்கூட்ட மேடையில் கையெறி குண்டுகள் வெடித்தன. ஒன்பது பேர் இறந்தார்கள். மேடையில் இருந்த சலோங்கா படுகாயமடைந்தார். குண்டுச் சிதறல்களை ஆயுள் முழுக்க உடம்பில் சுமந்தார்.

இதைக் காரணம் காட்டி மார்க்கோஸ் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தார். அதாவது யாரையும் பிடித்து உள்ளே வைக்கலாம், ஏன் என்று நீதிமன்றம் கேட்க முடியாது. தாக்கப்பட்டது எதிர்க்கட்சி; ஆளுங்கட்சியின் செனட்டரான டியோக்னோ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் கட்சியிலிருந்து விலகினார். குடிமை உரிமைகளைக் காக்கும் குடிமக்கள் இயக்கம் ஒன்றைத் தலைமையேற்று நடத்தி, ஊர்வலங்களில் முன்வரிசையில் நடந்தார்.

1972-ல் எப்படிக் கைதானார்?

செப்டம்பர் 21 அன்று அவருடைய இயக்கம் அதே மிராண்டா சதுக்கத்தில் பெரும் கூட்டம் நடத்தியது. அதே தேதியிட்ட 1081-ம் எண் பிரகடனத்தின் மூலம் மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நாட்டுக்கு அறிவித்தது 23-ம் தேதி. அறிவிப்பு வெளியாகும் முன்பே, நள்ளிரவு தாண்டியதும், படைவீரர்கள் டியோக்னோவின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். வாரண்ட் எதுவும் கையில் இல்லை. நாடாளுமன்றத்துக்குப் பூட்டு விழுந்தது. 1975 இறுதிவரை இருந்திருக்க வேண்டிய அவரது செனட் பதவி அத்தோடு போயிற்று.

லாவுர் முகாமில் என்ன நடந்தது?

முதலில் மணிலாவை ஒட்டிய போனிஃபாசியோ கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். 1973 மார்ச்சில் அவரையும் கோரசோன் அக்கினோவின் கணவரான செனட்டர் நினோய் அக்கினோவையும் நுவேவா எசிஹா மாகாணத்தின் லாவுர் ஊரிலுள்ள மக்சாய்சாய் ராணுவ முகாமுக்கு ரகசியமாகக் கொண்டுபோனார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, குடும்பங்களுக்கும் தெரியாது. இருவரின் உடைமைகளும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன, எந்த விளக்கமும் இல்லாமல். அதைக் கையில் வாங்கிய மனைவிமார்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

முகாமில் இருவரையும் தனித்தனி அறையில் அடைத்தார்கள். கைதிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை: அக்கினோ ‘ஆல்ஃபா’, டியோக்னோ ‘டெல்டா’. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஒருவர் தேசிய கீதத்தின் வரிகளைப் பாடுவார். மற்றவர் அடுத்த வரிகளைப் பாடுவார். இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்ல அவர்களுக்கு அந்த வழிதான் இருந்தது. சுமார் ஒரு மாதத்துக்குப் பிறகு மீண்டும் போனிஃபாசியோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

விடுதலை கேட்டுப் போட்ட மனுவை அவரே திரும்பப் பெற முயன்றது ஏன்?

கைதானதும் மற்றவர்களைப் போல அவருக்காகவும் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. மாதங்கள் ஓடின, தீர்ப்பு வரவில்லை. இதற்கிடையே மார்க்கோஸ் புதிய அரசியல் சாசனத்தைக் கொண்டுவந்தார். நீதிபதிகள் அதன்கீழ் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். 1973 இறுதியில் டியோக்னோ மனுவை வாபஸ் வாங்க அனுமதி கேட்டார். இந்த நீதிமன்றத்திடம் இனி நியாயம் எதிர்பார்க்க முடியாது என்பதுதான் சாரம். சிறைக்குள் இருப்பவர், தன் விடுதலையைக் கையில் வைத்திருக்கும் நீதிபதிகளைப் பார்த்து இதைச் சொன்னார்.

நீதிபதிகளில் சிலருக்கு இது சுருக்கென்று தைத்தது. அனுமதிப்பதா கூடாதா என்பதிலேயே அவர்கள் பிரிந்து நின்றார்கள். 1974 செப்டம்பர் 11-ல், மார்க்கோஸின் பிறந்தநாளன்று, டியோக்னோ விடுவிக்கப்பட்டார். ஆறு நாள் கழித்து இந்த ஆட்கொணர்வு மனுக்கள் மீதான ‘அக்கினோ எதிர் என்ரிலே’ தீர்ப்பு வந்தது (என்ரிலே மார்க்கோஸின் பாதுகாப்பு அமைச்சர்). டியோக்னோ ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதால் அவர் விஷயத்தில் முடிவு செய்ய ஏதுமில்லை என்றாகிவிட்டது. மற்றவர்களின் மனுக்கள் தள்ளுபடி.

சட்டத்தையே நம்பி வளர்ந்த மனிதர் நீதிமன்றத்தைப் பார்த்து நம்பிக்கை போய்விட்டது என்று சொல்வது எத்தனை வலி என்பதை வழக்கறிஞர்கள் அறிவார்கள். அவருடைய வாழ்க்கையிலேயே மிகத் துணிச்சலான செயல் எது என்று என்னைக் கேட்டால் இந்த மனுவைத்தான் சொல்வேன்.

ஃபிளாக் என்ற அமைப்பு எதற்காக?

வெளியே வந்த அதே 1974-ல் முன்னாள் செனட்டர் லொரென்சோ டன்யாடா போன்றவர்களோடு சேர்ந்து இலவசச் சட்ட உதவிக் குழுவைத் தொடங்கினார். ஃபிளாக் என்பது அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். அரசியல் கைதிகள், சித்திரவதைக்கு ஆளானவர்கள், வேலைநிறுத்தம் செய்து பிடிபட்ட தொழிலாளர்கள், வெளியேற்றப்படும் குடிசைவாசிகள், விவசாயிகள் ஆகியோருக்குக் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். ராணுவ நீதிமன்றங்களில் ஜெயிப்பது அபூர்வம் என்று தெரிந்தே போனார்கள். ஒரு வழக்கறிஞர் வாசலில் வந்து பெயரைக் கேட்டுப் பதிவு செய்துவிட்டால், பிடிபட்டவர் சுவடில்லாமல் காணாமல் போகும் ஆபத்து கொஞ்சமாவது குறையும்.

வெறும் இலவச வழக்கு நடத்துவது போதாது என்று டியோக்னோ நினைத்தார். ஒரு குடும்பத்தை இன்று காப்பாற்றினால் நாளை அடுத்த குடும்பம் வந்து நிற்கும். மக்கள் தங்கள் உரிமையைத் தாங்களே அறிந்து கூட்டாக நிற்க வேண்டும், பிரச்சினையின் வேரைத் தொட வேண்டும் என்றார். உலக வங்கி உதவியோடு சீக்கோ ஆற்றில் அணைகள் கட்டும் திட்டம் மலைவாழ் கலிங்கா, போன்டோக் மக்களின் வயல்களையும் மூதாதையர் நிலத்தையும் மூழ்கடிக்க இருந்தது. ஃபிளாக் அந்த மக்கள் பக்கம் நின்றது. 1980 ஏப்ரல் 24-ல் அவர்கள் தலைவர் மக்லிங் டுலாக்கை ராணுவத்தினர் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். எதிர்ப்பு அடங்கவில்லை, கடைசியில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

அவர் கம்யூனிஸ்டா?

இல்லை. கத்தோலிக்கர், தேசியவாதி. கம்யூனிஸ்டுகளுக்காகவும் வாதாடினார். குற்றம் சாட்டப்பட்டவரின் கொள்கையைப் பார்த்து உரிமை கொடுக்க முடியாது என்பது அவர் நிலை.

அமெரிக்க ராணுவத் தளங்களை ஏன் எதிர்த்தார்?

கிளார்க் விமானத் தளமும் சுபிக் கடற்படைத் தளமும் இருக்கும்வரை பிலிப்பைன்ஸின் இறையாண்மை காகிதத்தில்தான் என்று கருதினார். மார்க்கோஸுக்கு வாஷிங்டன் ஆதரவு நீடித்ததற்கு அந்தத் தளங்களே காரணம் என்றும் சொன்னார். டன்யாடாவோடு சேர்ந்து தள எதிர்ப்புக் கூட்டணியை வழிநடத்தினார். முடிவைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1991 செப்டம்பர் 16-ல் தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை செனட் 12-க்கு 11 என்ற வாக்கில் நிராகரித்தது. அன்று செனட் தலைவராக இருந்து எதிர்த்து வாக்களித்தவர் சலோங்கா. 1944-ல் டியோக்னோவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட அதே சலோங்கா.

கோரசோன் அக்கினோ அரசில் என்ன பொறுப்பு வகித்தார்? ஏன் விலகினார்?

1986 மக்கள் எழுச்சியில் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார். அடுத்த மாதமே மனித உரிமைகளுக்கான ஜனாதிபதிக் குழுவை அக்கினோ அமைத்து, டியோக்னோவைத் தலைவராக்கினார். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களின் அரசியல் முன்னணியோடு பேச அமைந்த அரசுக் குழுவிலும் அவர் இருந்தார். அப்போதே நுரையீரல் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1986 டிசம்பர் 10 முதல் 60 நாள் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது.

அது முடியும் முன்பே, 1987 ஜனவரி 22-ல், நிலச்சீர்திருத்தம் கேட்டு ஜனாதிபதி மாளிகையை நோக்கி வந்த விவசாயிகள்மீது மெண்டியோலா பாலத்தருகே பாதுகாப்புப் படையினர் சுட்டார்கள். 13 பேர் செத்தார்கள். தான் கொண்டுவரப் பாடுபட்ட அரசு, தான் காக்க நின்ற மக்களைச் சுட்டது. சிறையில் கலங்காத மனிதர் அன்று அழும் நிலைக்கு வந்துவிட்டதாக அவர் மகள் பின்னாளில் சொன்னார். இரண்டு பொறுப்புகளையும் துறந்தார். சாகக் கிடப்பவர், நண்பர்களின் அரசு, பேசாமல் இருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ராஜினாமா கடிதம் போயிற்று.

அதன்பின் ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் தாங்கினார். 65-வது பிறந்தநாளுக்கு மறுநாள் உயிர் பிரிந்தது.

அவர் பிள்ளைகளும் அரசியலில் இருக்கிறார்களா?

மனைவி கார்மென், பத்துப் பிள்ளைகள். மகள் மரிஸ் டியோக்னோ வரலாற்றாசிரியர். தேசிய வரலாற்று ஆணையத்தின் தலைவராக இருந்தவர், 2016 நவம்பரில் மார்க்கோஸின் உடலை வீரர்கள் கல்லறையில் புதைக்க டுடெர்டே அரசு அனுமதித்ததை எதிர்த்துப் பதவி விலகினார். மகன் செல் டியோக்னோ வழக்கறிஞர், ஃபிளாக்கின் தலைவராக இருந்தவர். டுடெர்டேவின் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கைக் கொலைகளை எதிர்த்து ஃபிளாக் உச்ச நீதிமன்றம் வரை போனது. செனட்டுக்கு 2019-லும் 2022-லும் நின்று தோற்ற செல், 2025-ல் அக்பயன் கட்சிப் பட்டியல் வழியாகக் கீழவைக்குப் போனார்.

அவரைப் பற்றி மேலும் அறிய எங்கிருந்து தொடங்கலாம்?

வாழ்க்கை வரலாறுகளுக்கு முன்னால் இரண்டு தீர்ப்புகளைப் படியுங்கள்: 1967-ன் ‘ஸ்டோன்ஹில் எதிர் டியோக்னோ’, 1974-ன் ‘அக்கினோ எதிர் என்ரிலே’. இரண்டும் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலாவது சிறியது, ஒரே மாலையில் முடித்துவிடலாம். இரண்டாவது நீளம், நீதிபதிகள் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். டியோக்னோவின் வாபஸ் மனுவைப் பற்றிய பகுதி தொடக்கத்திலேயே வரும், அதை மட்டுமாவது விடாதீர்கள்.